வி 023, பால் 0.0

1988 நவம்பர் 4, வெள்ளிக்கிழமை, காலை மணி 11.40. விடிவதற்கு முன்பே பிடித்த தூறல் அப்போதும் விடவில்லை. தர்மபுரி பஸ் நிலையத்திலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு வரும் வழியில் சேறு கணுக்கால் வரை இருந்தது. இத்தனை வருடம் கழித்து நேரம் எப்படி நினைவிருக்கிறது என்று என் மருமகன் கேட்கிறான். நினைவில்லை, எழுதி வைத்திருக்கிறேன். அன்றைய பக்கத்தில் முதல் வரி அதுதான்.

அந்த நேரத்துக்கு என் மேசைக்கு முன்னால் ஒரு அம்மாள் வந்து நின்றார். குடை இல்லை. உரச் சாக்கை மடித்துத் தலையில் போட்டிருந்தார். பென்னாகரம் சாலையில் உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். பால் அட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தார்.

"சூப்ரண்டு சாருங்களா?"

"ஆமாம்மா. என்ன வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேணாங்க. ஒரே ஒரு சந்தேகந்தான். நான் செத்துட்டனா, இல்ல எங்க வூட்டுக்காரரு திரும்பி வந்துட்டாரா? ரெண்டுல ஒண்ணு சொல்லிட்டீங்கன்னா பஸ்ஸுக்குப் போயிருவேன்."

பக்கத்து மேசை எழுத்தர் சிரித்துவிட்டார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

"முந்தாநாளு கல்லறைத் திருநாளுக்குப் போயி அவருக்கு மெழுகுவத்தி வச்சுட்டுத்தான் வந்தனுங்க. அவரு அங்கதான் இருக்காரு. அப்ப நாந்தான் செத்திருக்கணும். மூணு பட்டியலா எம் பேரு வரலீங்க."

அட்டையை வாங்கிப் பார்த்தேன். உறுப்பினர் எண் வி 023. செப்டம்பர் 16 முதல் ஒரு நாள் விடாமல் காலை, மாலை பால் ஊற்றியிருக்கிறார். ஊர்ச் செயலாளர் ஒவ்வொரு கட்டத்திலும் லிட்டரைக் குறித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஆனால் மூன்று பட்டியலிலும் அந்த எண் இல்லை. பட்டியலில் இல்லையென்றால் பணம் இல்லை.

"பேங்க்ல மாட்டுக் கடன் இருக்குதுங்க. பால் காசுல புடிச்சுக்கறோம்னு சொல்லித்தான கையெழுத்து வாங்கினீங்க? பட்டியலே இல்லன்னா எதுல புடிப்பீங்க? நேத்து பேங்க்காரரு வந்து மாட்டச் சுத்திச் சுத்திப் பாத்துட்டுப் போறாரு. மாட்ட அப்பிடிப் பாக்கறவன் எதுக்குப் பாக்கறான்னு எனக்குத் தெரியாதுங்களா? புண்ணாக்குக் கடைக்காரன் கடனுக்குத் தரமாட்டேங்கறான். இருக்கறது ஒரு மாடு."

என் பையில் இருநூறு ரூபாய் இருந்தது. எடுத்தேன்.

"உங்க காசு எனக்கு எதுக்குங்க? எங் காசக் குடுங்க" என்று சொல்லிவிட்டு, சாக்கைத் திரும்பத் தலையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நான் வேலை பார்த்த சங்கத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அரசாங்கத்தின் பெரிய பால் ஒன்றியம் அல்ல அது. விவசாயிகள் சிலர் தனியாகச் சேர்ந்து தொடங்கியது. 38 ஊர்கள், 3,127 உறுப்பினர்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொருவருக்கும் எத்தனை லிட்டர், என்ன கொழுப்பு, என்ன தொகை, என்ன பிடித்தம் என்று பட்டியல் போட வேண்டும். நான் கணக்குக் கண்காணிப்பாளர். 1984 வரை ஏழு எழுத்தர்கள் கையால் போட்டார்கள். பிறகு பெங்களூரில் ஒரு கணினி மையத்துக்குத் தாள்களை அனுப்பினோம். அங்கே ஓர் அறை முழுவதும் அடைத்துக்கொண்டிருக்கும் பெரிய இயந்திரம். அதில் எங்களுக்காக ஒருவர் கோபோல் என்ற மொழியில் ஏழு புரோகிராம்கள் எழுதிக் கொடுத்தார். வியாபாரக் கணக்குக்கென்றே செய்த மொழி. ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் வாசித்தால் புரியும். நான் வாசித்தேன். மொத்தம் 4,816 வரிகள்.

எங்கள் பால் வண்டி டிரைவருக்கு அது கடைசிவரை கோபாலுதான். "யாருங்க சார் அந்தக் கோபாலு? பெங்களூர்ல இருந்துக்கிட்டு நம்ம எல்லாரையும் ஆட்டி வைக்கறாரு" என்பார்.

இந்த 'வி' என்ன என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை வைத்தவன் நான்தான். உறுப்பினர் இறந்துவிட்டால் அவர் பங்கை மனைவி பெயருக்கு மாற்ற தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்கு நாலு மாதமும் ஆகும், நாலு வருடமும் ஆகும். மாடு அதுவரை பால் சுரக்காமல் காத்திருக்காது. அதனால் எங்கள் ஊர்களில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. கணவன் ஊற்றிக்கொண்டிருந்த எண்ணிலேயே மனைவி ஊற்றுவார். நோட்டில் எண்ணுக்கு முன்னால் 'வா' என்று போடுவார்கள், வாரிசு என்பதற்காக. பால் கொண்டுவரும் தூக்குப் போசியிலும் பெயிண்டில் அப்படியே எழுதிக்கொள்வார்கள். சட்டத்தில் இதற்கு இடமில்லை. யாரும் கேட்டதுமில்லை. கணினிக்குப் போனபோது எண்ணுக்கு நான்கு இடம்தான் கொடுத்தார்கள். 0023 என்பதில் முதல் பூஜ்யத்தை எடுத்துவிட்டு ஆங்கில 'வி' போடலாம் என்று நான் சொன்னேன். நோட்டிலும் போசியிலும் 'வா' போய் 'வி' வந்தது. அப்படி 61 பேர். அறுபத்தொருவரும் பெண்கள்.

1988 ஜூனில் ஒரு வெளிநாட்டு உதவிப் பணம் வந்து, எங்களுக்கே ஒரு கணினி வாங்கினார்கள். விலை மூன்று லட்சத்துச் சொச்சம். சொச்சம் எவ்வளவு என்று இரண்டு முறை கேட்டேன், யாரும் சொல்லவில்லை. விற்க வந்தவர் அதை இயக்கும் மென்பொருளைச் சொல்லி யுனிக்ஸ், யுனிக்ஸ் என்று நாற்பது நிமிடத்தில் முப்பத்தோரு தடவை சொன்னார். அந்த ஒரு பெட்டியில், திரையும் விசைப்பலகையுமாக நான்கு டெர்மினலை மாட்டி நான்கு பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யலாமாம். உங்கள் பழைய கோபோல் புரோகிராம்கள் அப்படியே ஓடும், ஒரு எழுத்து மாற்ற வேண்டாம் என்று மேனேஜரிடம் அடித்துச் சொன்னார். மேனேஜர் என்னைவிடப் பதினாறு வயது இளையவர். கணினி அறைக்கு வெளியே செருப்பைக் கழற்ற வேண்டும் என்று அறிவிப்பு எழுதி ஒட்டினார். உள்ளே பெட்டிக்குச் சந்தனம் வைத்தார்.

விற்ற கம்பெனியின் எஞ்சினியர் வந்து பழைய டேப்பில் இருந்ததையெல்லாம் புதிய இயந்திரத்துக்கு ஏற்றினார். முதல் நாள் 312 பிழைகள் என்று திரையில் வந்தது. பதினொரு நாள் உட்கார்ந்து அதைக் குறைத்துக் குறைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். பிழை பூஜ்யம் என்று வந்த அன்று அரை கிலோ மைசூர்பாகு வாங்கி எல்லோருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். பிறகு ஓர் ஊரை வைத்துச் சோதித்தார்கள். மாரண்டஹள்ளிப் பக்கத்தில் ஓர் ஊர். அங்கே எங்கள் சங்கம் தொடங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது, உறுப்பினர் 44 பேர். ஒரு காசு பிசகாமல் வந்தது. ஏன் பிசகும்? அந்த ஊரில் அதுவரை ஒருவரும் சாகவில்லை.

சோதனைக்கு அந்த ஊரை ஏன் எடுத்தார்கள் என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. தாள்கள் சுத்தமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்ததாம். அதுதான் காரணம்.

என் பங்கையும் எழுதிவிடுகிறேன். அந்த எஞ்சினியர் ஒரு நாள் என் மேசைக்கு வந்து, "மெம்பர் நம்பர்ல ஸ்பெஷலா ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்டார். "நாலு இடம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அன்று பிரிண்டர் ரிப்பன் டஜன் வரவேண்டியதில் பதினொன்றுதான் வந்திருந்தது. பன்னிரண்டாவது ரிப்பன் எங்கே என்று ஸ்டோர்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ரிப்பனை எண்ணிய நேரத்தில் 61 பெண்களை எண்ணாமல் விட்டேன்.

அந்த அம்மாள் போன மறுநாள், சனிக்கிழமை, கணினி அறைக்குப் போனேன். டெர்மினலில் வேலை செய்த பெண்ணிடம், இயந்திரத்துக்குள் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்று வரிசையாகக் காட்டச் சொன்னேன். பதினேழு கோப்புகள். அதில் ஒன்று, நிராகரித்த வரிகள் போய்ச் சேரும் கோப்பு. பெங்களூர் காலத்தில் இந்தப் பட்டியல் ஒவ்வொரு முறையும் அச்சாகி வரும். நான் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து பார்ப்பேன். புதிய இயந்திரத்தில் அதை அச்சடிக்க வேண்டாம் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார், தாள் மிச்சம் என்று. திறந்து எண்ணினேன். 183 வரிகள். அறுபத்தொன்று, மூன்று முறை. ஒவ்வொரு வரியும் 'வி' என்று தொடங்கியது. ஒவ்வொரு வரிக்கும் ஒரே காரணம் எழுதியிருந்தது: எண், அந்த ஊரின் கடைசி எண்ணைவிடப் பெரியது.

அந்தச் சோதனையும் நான் கேட்டு வைத்ததுதான். 1984இல் 0239 என்பதை ஒருவர் 0932 என்று அடித்துவிட்டார். அதனால், ஊரின் கடைசி உறுப்பினர் எண்ணைவிடப் பெரிய எண் வந்தால் ஒதுக்கிவிடு என்று வைக்கச் சொன்னேன். ஆனால் நான்கு வருடம் 'வி' எண்கள் ஒதுங்காமல் வந்தனவே. இப்போது மட்டும் ஏன்?

கம்பெனிக்கு எஸ்.டி.டி. போட்டேன். எஞ்சினியர் சொன்னார்: "சார், புரோகிராம்ல ஜீரோ எர்ரர். உங்க டேட்டாதான் தப்பு." அடுத்த நாளும் போட்டேன். அதே பதில். மேனேஜரிடம் போனேன். "அவங்களே சொல்லிட்டாங்களே" என்றார்.

"இத்தனை நாளா சரியா வந்துதே சார்?"

"இத்தனை நாளா தப்பா வந்திருக்கும். யாரு பாத்தா?"

நவம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை, பெங்களூர் போனேன். எங்கள் புரோகிராமை முதலில் எழுதியவரைத் தேடிப் பிடித்தேன். கன்னடக்காரர், முப்பத்திரண்டு வயது இருக்கும். மையத்தை விட்டு வேறு வேலைக்குப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து தொல்லை கொடுக்கிறேனே என்று முகம் சுளிக்கவில்லை. பக்கத்து ஓட்டலில் உட்கார்ந்தோம். நான் கொண்டுபோன 61 எண்களையும் பார்த்தார். பாதி இட்லியில் நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"ஐயோ, பாவம் நம்ம லேடீஸ். சார், நம்ம பழைய மெஷின்ல எழுத்து சின்னது, நம்பர் பெருசு. அதனால 'வி' எதுவா இருந்தாலும் கடைசி நம்பர விடச் சின்னது. பாஸ் ஆயிடும். நீங்க வாங்கின மெஷின்ல உல்டா. நம்பர் சின்னது, எழுத்து பெருசு. இப்போ 'வி' எல்லாம் பெருசு ஆயிடுச்சு. அஷ்டே, அவ்வளவுதான்."

"அது எப்படிங்க? எழுத்தும் எண்ணும் எல்லா மெஷின்லயும் ஒண்ணுதானே?"

"திரையில பாக்க ஒண்ணுதான் சார். உள்ளே ஒவ்வொண்ணுக்கும் மெஷின்காரன் ஒரு ரேங்க் குடுத்திருப்பான். ஒருத்தன் குடுத்த ரேங்க் இன்னொருத்தன் குடுக்க மாட்டான்."

"அப்ப புரோகிராமை முழுசா மாத்தணுமா?"

"யாக்கே சார், எதுக்கு? ரெண்டு லைன் போதும். பழைய வரிசைப்படியே ஒப்பிட்டுப் பாருன்னு சொல்றதுக்கு மொழியிலேயே ஏற்பாடு இருக்கு. இதுக்குன்னே வச்சிருக்காங்க. ஏத்தினவர் இதைத்தான் முதல்ல கேட்டிருக்கணும்." ஓட்டல் பில்லின் பின்பக்கத்தில் இரண்டு வரியையும், எந்த இடத்தில் போட வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்தார். "உங்க புது கையேட்டுல இந்தச் சொல் இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க."

பணம் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. ஓட்டல் பில் மட்டும் என்னுடையது, 11 ரூபாய் 50 காசு. கையேட்டில் 211ஆம் பக்கத்தில் அந்தச் சொல் இருந்தது. மூன்று லட்சத்துச் சொச்சம் வாங்கிய கம்பெனியில் ஒருவரும் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை அந்தப் பில்லை மேனேஜர் மேசையில் வைத்து விளக்கினேன். அவர் பில்லைப் பார்க்கவில்லை, 61 பேர் பட்டியலைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அவர் கேட்டது எனக்குக் கனவிலும் தோன்றாதது.

"வாரிசு மெம்பர்னு நம்ம சங்க விதியில, பைலாவுல, ஒண்ணு இருக்கா?"

"இல்லீங்க. ஆனா வழக்கத்துல..."

"அப்ப இவங்க யாரு?"

ஏழு நாள் கழித்து, நவம்பர் 21, நிர்வாகக் குழுக் கூட்டம். தலைவர் நல்லம்பள்ளிப் பக்கத்தில் நிறைய நிலம் உள்ளவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இயந்திரத்தைப் பார்த்து மயங்கிவிட்டார். மேனேஜர் எழுந்து, கணினி வந்த ஆறே மாதத்தில் முறையற்ற உறுப்பினர்கள் 61 பேரைக் கண்டுபிடித்திருக்கிறது என்று வாசித்தார். பிழை என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. நான் எழுந்து, இது கண்டுபிடிப்பு இல்லை, எழுத்தும் எண்ணும் வரிசை மாறிய கோளாறு, இரண்டு வரியில் சரியாகிவிடும் என்றேன்.

"சூப்ரண்டு, உக்காருங்க" என்றார் தலைவர். "மிஷினுக்கு ஓரவஞ்சனை கெடையாதுங்க. நம்ம கண்ணுல படாதது அதுக்குப் பட்டிருக்குது. சர்டிபிகேட்டு கொண்டாரச் சொல்லுங்க, சேத்துக்கலாம். யாரு வேணாங்கறா?"

"பால் ஊத்தியிருக்காங்களே. அந்தப் பாலை வித்துட்டமே. அதுக்குக் காசு?"

"சர்டிபிகேட்டு வந்தா எல்லாம் சேத்து வரும்."

முப்பது நாள் கெடு. பதினோரு பேர் இருந்த கூட்டத்தில் ஒருவர்கூட, முப்பது நாளில் தாலுகா அலுவலகத்தில் ஒரு சான்றிதழ் கிடைக்குமா என்று கேட்கவில்லை. அதில் எட்டுப் பேர் அந்த அலுவலகத்துக்கு நடந்து தேய்ந்தவர்கள்தான். ஒரு புரோகிராம் தப்பாகப் போட்ட கணக்குக்குத் தீர்மானம் போட்டுக் கையெழுத்தும் போட்டார்கள். பக்கத்து வீட்டு நாய் கடித்தால் அந்த வீட்டுக்காரனைத்தானே கேட்கிறோம்? கடிபட்டவனிடம் போய், நீ அந்தத் தெருவில் நடக்க உனக்கு என்ன உரிமை, சீட்டு இருக்கிறதா என்று கேட்ட கதை இது.

நான் மேலும் எழுதினேன். மேனேஜருக்கு மூன்று கடிதம், தலைவருக்கு இரண்டு. கம்பெனிக்கு இரண்டு முறை நேரில் போனேன். எழுத்துமூலமாக உத்தரவும், வந்துபோகக் கட்டணமும் வேண்டும் என்றார்கள். உத்தரவு கொடுக்க வேண்டியவர் மேனேஜர். அவர் கொடுக்கவில்லை. நான் ஒழுங்கு பார்ப்பவன். முப்பது வருடமாக மேலதிகாரி கையெழுத்தில்லாமல் ஒரு குண்டூசி எடுத்ததில்லை. அதனால் காத்திருந்தேன். ஓட்டல் பில் என் சட்டைப் பையிலேயே இருந்தது. அந்த நாட்களில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒன்பது முறை கணினி அறையில் உட்கார்ந்து, வேறொரு வெற்றுக் கோப்பில் வரி சேர்ப்பதும் அழிப்பதும் எப்படி என்று பழகிக்கொண்டேன். பழகியவன் செய்யவில்லை.

டிசம்பர் இரண்டாம் வாரம் டிரைவர் வந்து சொன்னார்: "சார், பென்னாகரம் ரூட்ல 'வி' போட்ட போசி எதுவும் வர்றதில்லீங்க இப்ப. செயலாளருங்க எடுக்க மாட்டேங்கறாங்க. பாதிப் பேரு டீக்கடைக்கு ஊத்தறாங்க, டீக்கடைக்காரன் அவன் சொன்னதுதான் வெலை. கோபாலு இன்னும் சம்மதிக்கலீங்களா?"

"கோபாலு அப்பவே சம்மதிச்சுட்டாரு. நம்ம ஆளுங்கதான்."

"அப்ப யாருகிட்டத்தான் சார் சாவி இருக்குது?"

அவர் கேட்டது பேச்சுக்கு. கணினி அறைச் சாவி என்னிடம்தான் இருந்தது.

டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை, பகல் 12.15. நல்ல வெயில். மேனேஜர் சென்னைக்குப் போயிருந்தார், 22ஆம் தேதி வரை வரமாட்டார். செருப்பைக் கழற்றாமல் உள்ளே போனேன். முதலில் பழைய புரோகிராமுக்கு ஒரு நகல் எடுத்து வைத்தேன். பிறகு பில்லைப் பார்த்து இரண்டு வரியையும் அதனதன் இடத்தில் அடித்தேன். ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போய், முதல் முறை 4 பிழைகள் வந்தன. புள்ளி வைத்தேன். மறுமுறை பதினான்கு நிமிடம் ஓடிப் பிழை பூஜ்யம் என்றது. பூஜ்யத்தை நான் நம்புவதாக இல்லை. ஒதுக்கி வைத்திருந்த வரிகளையெல்லாம் திரும்ப உள்ளே கொடுத்து, 61 பட்டியலையும் அச்சடித்து, ஒவ்வொன்றையும் கையால் கூட்டிப் பார்த்தேன். மணி 6.20 ஆயிற்று. அறுபத்தொன்றும் சரி.

மறுநாள் காலை அவற்றில் கையெழுத்திட்டேன். பட்டியலில் கையெழுத்திடும் அதிகாரம் எனக்கு இருந்தது, அதை யாரும் அதுவரை எடுக்கவில்லை. பணம் பால் வண்டியோடு ஊர்களுக்குப் போயிற்று. வி 023க்கு நிலுவை 1,038 ரூபாய் 60 காசு. கிறிஸ்துமஸுக்கு ஆறு நாள் முன்னால்.

வெள்ளிக்கிழமை, 23ஆம் தேதி, அந்த அம்மாள் மறுபடி வந்தார். நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்துவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"காசு வந்துச்சுங்க. இத வச்சுக்கங்க, எனக்கு இனி வேணாம்."

"ஏம்மா? நம்பர் சரியாயிருச்சு. இனிமே பட்டியல் ஒழுங்கா வரும்."

"நம்பர் இருக்குதுங்க. மாடு இல்ல. போன மாசம் இருவத்தெட்டாந் தேதி குடுத்துட்டனுங்க. தீனி இல்லாம வத்திப் போச்சு, மூவாயிரத்து எட்டுநூறுக்கு வாங்கினது, ரெண்டாயிரத்து முந்நூறுக்குக் கேட்டாங்க. பேங்க்கு கடன கட்டிட்டேன்."

அட்டையை அவர் பக்கம் தள்ளினேன். "வச்சிருங்கம்மா. வேற மாடு வாங்கினா வேணும்."

"எதுலங்க வாங்கறது?" என்றார். பிறகு, போக எழுந்தவர் நின்றார். "நீங்கதான் ஞாயித்துக்கெழம வந்து தனியா உக்காந்து சரி பண்ணீங்கன்னு டிரைவரு சொன்னாருங்க."

"ஆமாம்மா."

"எவ்வளவு நேரம் ஆச்சுங்க?"

"வரி அடிக்கக் கால் மணி நேரம். மத்ததெல்லாம் சரி பாக்க."

"கால் மணி நேரந்தானுங்களா" என்றார். குரலை உயர்த்தவில்லை. "அப்ப முன்ன ஒரு ஞாயித்துக்கெழமையே வந்திருக்கலாமில்லீங்க?"

நவம்பர் 20, 27, டிசம்பர் 4, 11. நான்கு ஞாயிறு. முதல் ஞாயிறு வந்திருந்தால் மாடு இருந்திருக்கும். இரண்டாவது ஞாயிறு வந்திருந்தால்கூட, மறுநாள் காலை வண்டியில் சொல்லி அனுப்பியிருக்கலாம். மேனேஜர்மேல், தலைவர்மேல், பதினொரு நாள் உட்கார்ந்து 211ஆம் பக்கத்தைப் பார்க்காத அந்த எஞ்சினியர்மேல் எனக்குள்ள ஆத்திரம் குறையவில்லை, குறையவும் வேண்டாம். ஆனால் இந்த நான்கை அவர்கள் கணக்கில் எழுத முடியாது. சாவி என்னிடம் இருந்தது.

1989 ஜனவரி 2ஆம் தேதி மெமோ வந்தது. அனுமதியின்றிப் புரோகிராமைத் திருத்தியது, நிர்வாகக் குழுத் தீர்மானத்தை மீறியது, செருப்புடன் கணினி அறைக்குள் நுழைந்தது. மூன்றாவதையும் எழுதியிருந்தார்கள். வேறு எதையாவது நான் தொட்டிருக்கிறேனா என்று பார்க்க அதே எஞ்சினியரைப் பெங்களூரிலிருந்து வரவழைத்தார்கள். ஒரு நாள் முழுக்கத் தேடிவிட்டு, இரண்டு வரிதான் கூடுதல் என்று அறிக்கை கொடுத்தார். அந்த இரண்டு வரியை எடுக்கவில்லை. எடுத்தால் கொடுத்த பணத்தையெல்லாம் ஊர் ஊராகப் போய்த் திரும்ப வசூலிக்க வேண்டியிருக்கும். சான்றிதழ்த் தீர்மானத்தைப் பற்றியும் அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. அந்த வருடப் பொதுக்கூட்டத்தில் தலைவர், விதவைப் பெண்களின் பால் பணத்தைக் கணினி மூலம் விரைந்து வழங்கிய சங்கம் என்று மைக்கில் சொன்னார். கை தட்டினார்கள்.

பால் ஊற்றாதவர்களையும் பட்டியலில் காட்டும்படிதான் அந்தப் புரோகிராம் எழுதப்பட்டிருந்தது. அதனால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, பென்னாகரம் சாலை ஊரின் தாளில், வி 023, பால் 0.0, தொகை 0.00 என்று அச்சாகி என் கையெழுத்துக்கு வந்தது. 1993 மே மாதம் நான் ஓய்வு பெறும்வரை 107 பட்டியல்கள். எல்லாவற்றிலும் பூஜ்யம்.

எனக்கான செலவு: ஊதிய உயர்வு மாதம் 45 ரூபாய் வீதம் மூன்று வருடம் நிறுத்தியது, 1,620. எஞ்சினியர் வந்துபோன கட்டணம் என் சம்பளத்தில் பிடித்தது, 1,850. பெங்களூருக்கு மூன்று முறை போய்வந்த பஸ், 96. பதினான்கு எஸ்.டி.டி., 212 ரூபாய் 40 காசு. ஓட்டல், 11 ரூபாய் 50 காசு. கூட்டினால் மூவாயிரத்து எழுநூற்று எண்பத்தொன்பது ரூபாய் தொண்ணூறு காசு. அந்த மாடு வாங்கிய விலைக்குப் பத்து ரூபாய் பத்துக் காசு குறைவு.